‘வாழவே பிடிக்கல’ என்று பிள்ளை சொன்னால்: முதல் இரவும் அதன் பிறகான நாட்களும்

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு தாய் என்னை அழைத்தார். ப்ளஸ் ஒன் படிக்கும் மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறார். "மிஸ், அவ தூங்கிட்டா. காலைல பேசிக்கலாமா?" என்று கேட்டார். "காலை வரைக்கும் வேண்டாம்மா. போய் அவ பக்கத்துல படுத்துக்குங்க. முழிச்சிருந்தா இப்பவே கேட்டுடுங்க" என்றேன். அவர் போய்ப் பார்த்தபோது மகள் தூங்கவில்லை.

நான் மருத்துவர் இல்லை. பள்ளி ஆசிரியர். வகுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட அழைப்புகள் பலமுறை வந்திருக்கின்றன. முதல் தடவை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிலையில் இன்று நிற்கும் தாய் தகப்பன், சித்தி, மாமா, விடுதிக் காப்பாளர், புதிதாக வந்த ஆசிரியர் ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைக் குணப்படுத்தும் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இந்த இரவைப் பத்திரமாகத் தாண்ட வைத்து, மருத்துவர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தால் போதும். சாக வேண்டும் என்ற உந்துதல் அலை மாதிரி எழும், உச்சத்துக்குப் போகும், இறங்கவும் செய்யும். அது இறங்கும் வரை பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டுக்குமான வழிகள்தான்.

ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டிருந்தால்

பிள்ளை எதையாவது விழுங்கியிருந்தாலோ, காயப்படுத்திக்கொண்டிருந்தாலோ பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 108க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது இன்னும் கெடுதல். என்ன சாப்பிட்டதோ அந்தப் பாட்டில், அட்டை, கவர் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம்தான் சாப்பிட்டேன், இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று பிள்ளை சொன்னாலும் போய்த்தான் ஆக வேண்டும். சில மருந்துகள் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் உள்ளுறுப்புகளைப் பாதிக்கும்.

மருத்துவமனை வாசலில் பல குடும்பங்கள் ஒரு பொய்யைச் சொல்கின்றன. "டானிக்னு நினைச்சுத் தெரியாமக் குடிச்சிருச்சு." போலீஸ் கேஸ் ஆகிவிடும், பெண்ணுக்கு நாளை வரன் வராது என்ற பயம்தான் காரணம். பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பொய்யால் மருத்துவருக்கு அளவும் தெரியாது, காரணமும் தெரியாது. உடம்பு தேறியதும் மனநல மருத்துவரைப் பார்க்காமலேயே பிள்ளை வீடு திரும்பிவிடும். மீண்டும் முயலும் ஆபத்து அதிகமாக இருப்பதே அந்த வாரங்களில்தான்.

சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தரும் கடமை அரசுடையது என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனையில் ஒரு பதிவு போடுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ஒருவர் வந்து விசாரிக்கலாம். அது நடைமுறை. பிள்ளையை யாரும் கைது செய்யப் போவதில்லை.

பக்கத்தில் உட்காருங்கள், நேராகக் கேளுங்கள்

ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் பேச்சோ எழுத்தோ நடத்தையோ உறுத்துகிறது என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். உறுத்தல் பல வடிவங்களில் வரும். "தூங்கி எழாமலே போயிட்டா நல்லா இருக்கும்" என்பது போன்ற பேச்சு. திடீரென்று பிடித்த வாட்சைத் தங்கைக்குக் கொடுத்துவிடுவது. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நண்பர்கள் குழுவிலிருந்து வெளியேறுவது. நாள்கணக்கில் தூக்கமில்லாமல் இருப்பது. வாரக்கணக்கில் இருண்டு கிடந்த பிள்ளை காரணமே இல்லாமல் அமைதியாகிவிட்டால் அதையும் கவனியுங்கள். சில சமயம் அது ஒரு முடிவு எடுத்துவிட்ட அமைதி.

எங்கே பேசுவது? ஹாலில், தாத்தா டிவி பார்க்கும் இடத்தில் வேண்டாம். மொட்டை மாடி, சமையலறைத் திண்டு, கதவு சாத்திய அறை, எதுவானாலும் சரி. எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தால் பிள்ளைக்கு விசாரணை மாதிரி இருக்கும், பக்கவாட்டில் உட்காருங்கள். தொலைபேசியை ஓரமாக வையுங்கள். கண்ணில் பட்டதைச் சொல்லித் தொடங்குங்கள்: "ரெண்டு வாரமா நீ சரியாச் சாப்பிடல, ராத்திரி முழிச்சிருக்க. எனக்குக் கவலையா இருக்கு கண்ணு. என்ன ஆச்சு?"

அப்புறம், கேட்கவே கூடாது என்று நாம் எல்லோரும் நினைக்கும் கேள்வி. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பது பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கேட்டதும் பல பிள்ளைகளுக்குத் தோள் தளரும். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல ஒரு இடம் கிடைத்துவிட்டது அல்லவா. சுற்றி வளைத்து "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே ‘இல்லை’ என்ற பதிலை நாம் வைத்துவிடுகிறோம், பிள்ளையும் ‘இல்லை’ என்றே சொல்லும்.

"ஆமா" என்று வந்தால் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அலறாதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு. உன் மேல எனக்குக் கோபமே இல்ல" என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும். பிறகு மெதுவாக மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறதா? அதற்கான பொருள் கையில் இருக்கிறதா? இதற்கு முன் முயன்றதுண்டா? இவற்றில் எதற்காவது ‘ஆமாம்’ என்றால் அது அவசரம். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், நடுராத்திரியானாலும் பரவாயில்லை. எண்ணம் மட்டும் வந்து போகிறது, திட்டமில்லை என்றால் மறுநாள் காலை வரை பக்கத்தில் இருந்துவிட்டு மருத்துவரிடம் போகலாம்.

ஆசிரியராகத் தொடக்க காலத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு மாணவன் அழுதுகொண்டே பேச ஆரம்பித்தான். நான் அவனுக்கு நம்பிக்கையூட்டுவதாக நினைத்து, "உனக்கு என்னடா குறை, அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார், எல்லாம் சரியாகிடும்" என்று பத்து நிமிடம் பேசினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி மிஸ், தேங்க்ஸ் மிஸ்" என்று எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு என்னிடம் அவன் வாயே திறக்கவில்லை. அப்பாவின் கஷ்டம்தான் அவன் நெஞ்சில் ஏற்கெனவே கல்லாக உட்கார்ந்திருந்தது, அதன் மேல் நான் இன்னொரு கல்லை வைத்தேன். அன்று அவனுக்கு யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். இடையில் மௌனம் வரும். அதை நிரப்பாதீர்கள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க, சத்தியம் பண்ணுங்க" என்று பிள்ளை கேட்கும். அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. "ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிர் விஷயத்துல உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்று சொல்லுங்கள்.

வீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அன்றைக்கே

என் அனுபவத்தில் குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அறிவுரைக்கு நேரம் இருக்கும், அலமாரியைப் பூட்ட நேரம் இருக்காது.

பாட்டியின் பிரஷர், சுகர் மாத்திரைகள் உட்பட வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தேவையான மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். விவசாயக் குடும்பம் என்றால் பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து எதுவும் வீட்டிலோ கொட்டகையிலோ இருக்கக் கூடாது. பங்காளி வீட்டுக்கோ கடைக்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கூர்மையான பொருட்களையும் ஒதுக்குங்கள். பிள்ளை படுக்கும் அறை, குளியலறை ஆகியவற்றின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். மாடிக் கதவைப் பூட்டுங்கள்.

"மனசுல எண்ணம் இருந்தா இதையெல்லாம் ஒளிச்சு வெச்சு என்ன புண்ணியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. புண்ணியம் உண்டு. அலை உச்சத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டாத தூரமே உயிரைக் காக்கிறது. இந்த யோசனையின்படிதான் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஒரு முயற்சி நடந்தது. விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், வங்கி லாக்கர் போன்ற பொதுச் சேமிப்பு அறையில் பூட்டி வைத்து வேண்டும்போது எடுத்துக்கொண்டார்கள். தற்கொலைத் தடுப்பில் உலக அளவில் அறியப்பட்ட சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் அதைச் செய்து பார்த்தவர்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. "கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும். உன் மேல நம்பிக்கையில்லாம இல்ல, கஷ்டமான நேரத்துல உனக்குத் துணையா இருக்கத்தான்" என்று சொல்லிவிட்டே செய்யலாம். இரவில் ஒருவர் அதே அறையில் படுங்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஆள் நான்கு இரவு விழித்தால் ஐந்தாம் நாள் எரிந்து விழுவார்.

யாருக்குப் போன் செய்வது

14416. இதை இப்போதே உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற அரசுத் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை. பக்கத்தில் இருக்கும் நீங்களே அழைத்து, "பதினாறு வயசு மகன், இன்னைக்குச் சாயந்திரத்திலிருந்து இப்படிச் சொல்றான், நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்கலாம். வயது, என்ன சொன்னது, முன்பு முயன்றதுண்டா, இப்போது யார் கூட இருக்கிறார்கள் என்ற நான்கையும் சொன்னால் அவர்களுக்கு வேலை எளிது.

சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. அங்கே தன்னார்வலர்கள் பேசுவார்கள். அறிவுரை சொல்லாமல் காது கொடுப்பதுதான் அவர்கள் வழி. வீட்டுக்குள்ளேயே அடி, கொடுமை, பாலியல் தொல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தமிழக அரசின் 104இலும் ஆலோசனை கிடைக்கும். பள்ளி, தேர்வு தொடர்பாக 14417. இலங்கையில் இருப்பவர்கள் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

ஒரு எண் பிஸியாக இருந்தால் அடுத்ததை முயலுங்கள். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் எண்களைத் தட்டிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனை.

மருத்துவரிடம்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். புறநோயாளிப் பிரிவு காலையில்தான் இயங்கும், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். இரவென்றால் அவசரப் பிரிவு. "மனநல டாக்டர் வேண்டும்" என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஊர் கேலி பேசுமே என்று தயங்காதீர்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிகிச்சை தரும் இடம் அது. வீட்டுப் பெரியவர்கள் முதலில் மந்திரிக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்பார்கள். சண்டை போடாதீர்கள். "காலைல ஆஸ்பத்திரி, சாயந்திரம் கோயில்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர்களைக் காலங்காலமாகக் கூட்டிப்போகும் ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடி தர்காவிலேயே இன்று பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்கிறது. ஆனால் பிள்ளையைக் கட்டி வைக்கும், அடிக்கும் எந்த இடத்திலும் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் வெளியே உட்காருங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், குடும்பத்தில் யாராவது இப்படி இறந்திருந்தால் அந்தத் தகவலையும் மறைக்காமல் கொடுங்கள். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் பதற வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும், சேர்ந்திருக்கும் காலம் முழுவதும் பெற்றோரோ அவர் நியமிக்கும் துணையோ உடன் தங்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது.

மனச்சோர்வுக்கான மாத்திரை இரண்டு நாளில் வேலை செய்யாது, சில வாரங்கள் பிடிக்கும். அந்த முதல் வாரங்களில் பிள்ளைக்குப் படபடப்போ விபரீத எண்ணங்களோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வேறு விதமான நெருக்கடிகள்

எல்லா நெருக்கடியும் சாவைப் பற்றியதாக இருக்காது. மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, "செத்துடுவேன் போல இருக்கு" என்று பிள்ளை நடுங்கினால் அது பதற்றத் தாக்குதலாக இருக்கலாம். கூட்டத்தை விலக்கி, உங்களோடு சேர்ந்து மெதுவாக மூச்சை வெளிவிடச் சொல்லுங்கள். முதல் தடவையானால் உடம்புக் கோளாறு இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொன்னால் வாதாடாதீர்கள். "எனக்குக் கேக்கல, ஆனா உனக்குக் கேக்குறது பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றே அழைத்துப் போங்கள். கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளை சாக நினைக்காமலும் இருக்கலாம், வலியை வலியால் அடக்கப் பார்க்கலாம். அதையும் "சீன் போடுது" என்று தள்ளாதீர்கள்.

காரணம், அப்புறம்

முதல் இரவில் காரணத்தைத் தோண்ட வேண்டாம். இரண்டொரு நாளில் அதுவாகவே வெளிவரும். மதிப்பெண், நீட், காதல், விடுதியில் ராகிங், சாதியைச் சொல்லி அவமானம், போனைப் பிடுங்கியது என்று எதுவாகவும் இருக்கலாம். போனைப் பிடுங்கியதற்கா என்று கேட்காதீர்கள். அதற்குப் பின்னால் வேறு ஏதோ பல மாதங்களாகச் சேர்ந்திருக்கும்.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். அவைதான் ஆதாரம். சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் புகார் செய்தாக வேண்டும். அது சொந்த மாமாவாக இருந்தாலும்தான். பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது, "உன் மேல எந்தத் தப்பும் இல்ல."

தேர்வு முடிவென்றால் கையில் வழிகள் இருப்பதைக் காட்டுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு, ஓராண்டு வீணாகாது. மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்கலாம். முடிவு வெளியாகும் நாளில் பிள்ளை தனியே இணையத்தில் பார்க்க விடாமல் கூடவே இருங்கள்.

வீடு திரும்பிய பிறகு

பிள்ளை கொஞ்சம் நிதானமாக இருக்கும் ஒரு மாலையில், இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு மோசமாகப் போகிறது என்பதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் (தூக்கம் போகும், பாட்டே கேட்கப் பிடிக்காது). தனியாக நான் என்ன செய்து பார்ப்பேன் (நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பேன், குளிப்பேன்). யாரோடு போய் இருப்பேன். யாரிடம் வெளிப்படையாகச் சொல்வேன். கடைசியாக 14416, மருத்துவமனை. பிள்ளையின் வார்த்தையில், பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும். ஒரு படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். முதல் வாரம் அரை நாள் போகட்டும், விடுபட்ட பாடங்களை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம் என்று பேசி வையுங்கள். உறவினர்களுக்கு "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப பார்த்துக்கிட்டிருக்கோம்" என்ற ஒரே வாக்கியம் போதும், எல்லோரும் அதையே சொல்லுங்கள். தம்பி தங்கைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள், தங்களால்தான் இது நடந்ததோ என்றுகூட நினைப்பார்கள்.

இதைப் படிப்பவர் நீங்களே பதினைந்து, பதினாறு வயதுக்காரர் என்றால், உங்கள் நண்பன் உங்களிடம் மட்டும் சொல்லியிருந்தால், அந்த ரகசியத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள். ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம். நண்பன் கோபித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள அவன் இருக்க வேண்டுமே.

அந்தக் கணக்கு நோட்டுப் பெண்ணின் தாய் மறுநாள் விடியற்காலை மகளோடு பஸ் ஏறினார். முதல் மாதம் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அடுத்து எப்போது வர வேண்டும் என்று மருத்துவர் சொன்ன தேதியைத் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டது, இனி எதற்கு என்று தோன்றும் மாதத்திலும் அந்தத் தேதிக்குப் போய்விட்டு வாருங்கள்.